கொத்தனாரோடு கோட்டைக்குப் போய் வந்தேன்: புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகமும் சுற்றியுள்ள கட்டடங்களும்

முப்பத்தொரு வருஷம் ராணுவ முகாம்களில் கட்டட வேலை எடுக்கும் காண்டிராக்டர்களிடம் சூப்பர்வைசராக இருந்தவன் நான். படையாட்கள் தங்கும் பழைய பாரக், குதிரை லாயம், ஆபீசர் குவார்ட்டர்ஸ், தண்ணீர்த் தொட்டி என்று எத்தனையோ கட்டடங்கள் என் கையைத் தாண்டிப் போயிருக்கின்றன. பழுது பார்த்துக் கொடுத்ததும் உண்டு, இடித்துத் தரைமட்டமாக்கியதும் உண்டு. இத்தனைக்கும் வண்ணாரப்பேட்டையில் குடியிருந்துகொண்டு, கூப்பிடு தூரத்தில் இருக்கும் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்குள் ஒரு நாளும் போனதில்லை. போன மாதம்தான் போனேன்.

கூட வந்தவர், என்னோடு இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்த மேஸ்திரி. எழுபத்தைந்து வயதைத் தாண்டிவிட்டார். சுண்ணாம்புக் காரை வேலையைத் தன் அப்பாவிடம் கற்றவர். இன்றைக்கு அந்த வேலை தெரிந்தவர்களை எங்கள் பக்கம் விரல்விட்டு எண்ணிவிடலாம். அவரோடு போனதால் நான் பார்த்த கோட்டை வேறு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் போகிற வழி. கோட்டை ரயில் நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். தலைமைச் செயலகமும் சட்டமன்றமும் உள்ளே இருப்பதால் வாசலில் சோதனை உண்டு. அடையாள அட்டை வைத்துக்கொள்ளுங்கள், பெரிய பை வேண்டாம். அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இது சுற்றுலாத் தலமாக மட்டும் இருக்கிற கோட்டை இல்லை. ஒரு பக்கம் அரசு, ஒரு பக்கம் ராணுவம், நடுவில் தொல்லியல் துறை. ராணுவம் இன்றும் இங்கே குடியிருக்கிறது. அந்தப் பக்கம் நம்மால் போக முடியாது. காவலுக்கு நிற்பவர் கை காட்டினால் திரும்பிவிட வேண்டியதுதான்.

அருங்காட்சியகம் இருக்கிற கட்டடமே முதல் காட்சிப் பொருள் என்பேன். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வணிகர்கள் கூடிப் பேரம் பேசும் எக்ஸ்சேஞ்சாகக் கட்டினார்கள். 1796-இல் இதன் மொட்டைமாடியில் விளக்கேற்றினார்கள். சென்னையின் முதல் கலங்கரை விளக்கம் அதுதான். துறைமுகம் வருவதற்கு முன்னால் கடல் கோட்டைச் சுவரை ஒட்டியே இருந்தது, நாற்பது ஐம்பது வருஷம் கப்பல்காரர்களுக்கு இந்த மாடி விளக்குதான் அடையாளம். பிறகு உயர் நீதிமன்ற வளாகத்தில் இன்றும் நிற்கிறதே தூண் மாதிரி ஒரு கலங்கரை விளக்கம், அதற்கு வேலை மாறியது. இந்தக் கட்டடம் படை அதிகாரிகளின் மெஸ் ஆனது. வணிகம் போய் விளக்கு வந்தது, விளக்கு போய் மெஸ் வந்தது. கர்னல் ரீட் என்கிற ராணுவ அதிகாரி இங்கே ஓர் அருங்காட்சியகம் வைக்கலாம் என்று யோசனை சொல்லி, 1948 ஜனவரி 31-இல் திறந்தார்கள். காந்தி சுடப்பட்டதற்கு மறுநாள்.

ஒரு வேலை முடிந்த உடனே இன்னொரு வேலை கிடைத்ததால்தான் இந்தக் கட்டடம் நம் கண்ணுக்கு மிஞ்சியது. முகாம்களில் நான் பார்த்த வரை, பூட்டிப்போட்ட கட்டடம் பிழைத்ததே இல்லை. ஆள் புழங்கினால்தான், “மாடி ஒழுகுகிறது” என்று சொல்ல ஒருவர் இருப்பார்.

உள்ளே போனதும் கீழ்த்தளத்தில் வாள், துப்பாக்கி, பீரங்கிக் குண்டு, பழைய சென்னைப் படையின் சீருடைகள், பதக்கங்கள். மாடிப்படி அருகே, ஆங்கிலேய கவர்னர் ஜெனரலாக இருந்த கார்ன்வாலிஸின் சிலை ஆளை மிரட்டும் உயரத்தில் நிற்கிறது. அதன் பீடத்தில் திப்பு சுல்தானின் பிள்ளைகள் 1792-இல் பிணையாக ஒப்படைக்கப்படும் காட்சியைச் செதுக்கியிருக்கிறார்கள். அந்தப் பையன்கள் பக்கம் நின்று பாருங்கள், சிலையை விட அது மனதில் தங்கும். மேலே கவர்னர்களின் எண்ணெய் ஓவியங்கள், பீங்கான் பாத்திரங்கள், நாணயங்கள், அந்தக் கால ஊர்க் காட்சிகளின் அச்சுப் படங்கள். இவற்றில் எனக்கு அவ்வளவு ஈடுபாடு இல்லை, வேகமாகக் கடந்துவிட்டேன். படம் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு அரை நாள் போதாது.

இரண்டு பொருள்களிடம் மட்டும் நின்றுவிட்டோம். ஒன்று, ஒரு மரக்கூண்டு. 1840-இல் சீனாவோடு நடந்த அபினிப் போரில் சென்னைப் பீரங்கிப் படையின் கேப்டன் ஆன்ஸ்ட்ரூதர் பிடிபட்டு இதற்குள் அடைக்கப்பட்டிருந்தார். மேஸ்திரி குனிந்து சட்டங்களின் மூட்டுகளையெல்லாம் பார்த்தார். “ஆளு உள்ளாற காலை நீட்ட முடியாது சார்” என்றவர் அதன் பிறகு ஒன்றும் பேசவில்லை. மற்றது கொடி. 1947 ஆகஸ்ட் 15 விடியற்காலையில் இந்தக் கோட்டையின் கம்பத்தில் ஏற்றிய அதே மூவர்ணக் கொடி, பட்டில் நெய்தது, கண்ணாடிக்குள் இருக்கிறது. சுமார் 12 அடிக்கு 8 அடி. மங்கிய வெளிச்சத்தில் வைத்திருக்கிறார்கள், அது சரிதான், பட்டுக்கு வெளிச்சம் ஆகாது. பக்கத்தில் ஒரு சின்னப் பெண் அம்மாவிடம் “இது நெஜ கொடியா?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நிஜமான கொடிதான், கண்ணு.

அருங்காட்சியகத்தை விட்டு வெளியே வந்து புனித மேரி தேவாலயத்துக்குப் போனோம். இதைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்லப் போகிறேன்.

1678-இல் அடித்தளம் போட்டு 1680 அக்டோபர் 28-இல் திறந்த கோயில். கிழக்கிந்தியக் கம்பெனி காசு கொடுக்கவில்லை. அன்றைய கவர்னர் ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டரும் கோட்டையில் இருந்தவர்களும் 805 வராகன் (அந்தக் காலப் பொற்காசு) சந்தா போட்டுக் கட்டினார்கள். வடிவம் கொடுத்தவர் கோட்டையின் தலைமைப் பீரங்கிக்காரர் என்று சொல்வார்கள். கட்டடத்தைப் பார்த்தால் நம்பத் தோன்றுகிறது. வெளிச்சுவர் நாலடி கனம். கூரை, வெடிமருந்துக் கிடங்குக்குப் போடுகிற மாதிரி செங்கல் வளைவு, இரண்டடி கனம். கூரையில் மரம் கிடையாது. குண்டு விழுந்தாலும் உடையக் கூடாது, நெருப்பு பிடிக்க ஒன்றும் இருக்கக் கூடாது என்று நினைத்துக் கட்டியிருக்கிறார்கள். முற்றுகைக் காலங்களில் படையாட்கள் தங்கவும் பொருள் சேர்த்து வைக்கவும் இதையேதான் பயன்படுத்தினார்கள். ராபர்ட் கிளைவ் 1753-இல் கல்யாணம் செய்துகொண்டதும் இங்கேதான். எல்லோரும் அதைத்தான் முதலில் சொல்வார்கள்.

மேஸ்திரி செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தார். கும்பிட்டார். பிறகு சுவரிடம் போய் உள்ளங்கையை அப்படியே வைத்து நின்றார். கையை எடுத்து என் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். ஏப்ரல் மாத உச்சி வெயில் வெளியே. சுவர் குளுகுளுவென்று இருந்தது, ஆனால் ஈரம் இல்லை.

“பார்த்தீங்களா சார். ஓதம் ஏறல. மூச்சு வுடுது.”

இதைப் புரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கடல் பக்கத்துச் செங்கல் சுவர் கீழிருந்து உப்புத் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அதைத் தடுக்க முடியாது. சுண்ணாம்புப் பூச்சாக இருந்தால் உறிஞ்சின ஈரம் பூச்சு வழியாகவே காற்றில் போய்விடும். எப்போதாவது பூச்சு உதிரும், மறுபடி பூசினால் போதும், செங்கலுக்கு ஒன்றும் ஆகாது. அதன் மேல் சிமென்ட் பூசிவிட்டால் ஈரம் வெளியே போக வழி இல்லை. உள்ளேயே நின்று உப்புப் பூத்து, செங்கல் பொரி மாதிரி உதிர ஆரம்பிக்கும். வெளியே பார்க்கப் புதுச் சுவர் மாதிரி பளிச்சென்று இருக்கும். விரலை மடக்கித் தட்டினால்தான் பொள்ளல் சத்தம் கேட்கும்.

பழைய சென்னையின் சுண்ணாம்புக் காரைக்கு உலகத்திலேயே பேர் உண்டு. சிப்பியைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பு, சலித்த மெல்லிய மணல், ஊறவைத்த கடுக்காய்த் தண்ணீர், வெல்லம், கடைசிப் பூச்சுக்குத் தயிரும் நெய்யும் முட்டை வெள்ளைக்கருவும். அம்மி மாதிரி கல்லில் வைத்து அரைத்து அரைத்து வெண்ணெயாக்க வேண்டும். பூசிய பிறகு வழவழவென்று மாக்கல் வைத்து மணிக்கணக்கில் தேய்க்க வேண்டும். பளிங்கு என்று வெள்ளைக்காரர்கள் ஏமாந்து எழுதி வைத்த சுவர்கள் அப்படி வந்தவை. மேஸ்திரி சின்னப் பையனாக இருந்தபோது முட்டை உடைத்துக் கொடுக்கும் வேலை அவருடையது. மஞ்சள் கருவெல்லாம் வீட்டுக்கு வரும், அன்றைக்கு வீட்டில் விருந்து என்று சொல்வார்.

கோயிலைச் சுற்றித் தரையில் பாவியிருப்பது எல்லாமே கல்லறைக் கற்கள். அதில் 1652-ஆம் வருஷக் கல்லும் ஒன்று, எலிசபெத் பேக்கர் என்ற பெண்ணுடையது. ஆனால் புதைத்த இடம் இது இல்லை. இவை முதலில் இப்போதைய சட்டக் கல்லூரிப் பக்கம் இருந்த கல்லறைத் தோட்டத்தில் கிடந்தன. 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையை முற்றுகையிட்டபோது, அவருடைய ஆட்கள் அந்தக் கல்லறைகளைத்தான் மறைவாக வைத்துக்கொண்டு சுட்டார்கள். முற்றுகை தோற்றது. அடுத்து யாரும் ஒளிய இடம் இருக்கக் கூடாது என்று கல்லறைகளை எடுத்துவிட்டு, எழுத்துள்ள கற்களை மட்டும் இங்கே கொண்டுவந்து பாவினார்கள். புதைத்தவர்களின் எலும்பு ஒரு பக்கம், பெயர் ஒரு பக்கம். அந்தக் கற்களின் மேல் நடக்க எனக்கு மனம் வரவில்லை. ஓரமாகவே சுற்றி வந்தேன்.

ராணுவத்துக்கு வேண்டும் என்றால் எதுவும் இடிபடும். இந்தக் கோட்டைக்கு எதிரே இருந்த நம் ஊரே அப்படி இடிபட்டதுதான். இப்போது உயர் நீதிமன்றம் இருக்கிற இடத்தில்தான் பழைய கருப்பர் நகரம் இருந்தது. நெசவாளர்களும் வியாபாரிகளும் குடியிருந்த தெருக்கள், நடுவில் சென்னகேசவப் பெருமாள் கோயில். 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்ததும் சுவரை ஒட்டியிருந்த வீடுகளை இடித்தார்கள். 1749-இல் கோட்டை திரும்பக் கைக்கு வந்ததும், மிச்சத்தை ஆங்கிலேயர்கள் இடித்தார்கள். 1757 வாக்கில் கோயிலும் போயிற்று. பீரங்கிக்கு முன்னால் மறைப்பு இல்லாத வெட்டவெளி வேண்டும், அவ்வளவுதான் காரணம். ஜனங்கள் விடவில்லை. கம்பெனி வேறு இடத்தில் நிலம் கொடுக்க வேண்டி வந்தது. மணலி முத்துகிருஷ்ண முதலியார் முன்னின்று, தேவராஜ முதலி தெருவில் சென்னகேசவருக்கும் சென்ன மல்லீசுவரருக்கும் இரட்டைக் கோயிலாகக் கட்டினார்கள். இன்றும் பூக்கடைக் கூட்டத்துக்கு நடுவில் நிற்கிறது. கோட்டையைப் பார்க்கிறவர்கள் அதையும் ஒரு நடை பார்த்துவிட்டு வந்தால்தான் இந்தக் கதை முழுசாகும்.

கோட்டைக்குள் நம்மால் பார்க்க முடியாதவற்றையும் சொல்ல வேண்டும். 1756-இல் கட்ட ஆரம்பித்த கிங்ஸ் பாரக்ஸ் ராணுவப் பக்கம் இருக்கிறது. எட்ட நின்று அதன் நீளத்தைத்தான் பார்க்க முடிந்தது. பின்னாளில் வெலிங்டன் பிரபு ஆன ஆர்தர் வெல்லெஸ்லி தங்கியிருந்த வெல்லெஸ்லி இல்லத்தின் ஒரு பகுதி பல வருஷங்களுக்கு முன்பே சரிந்துவிட்டது. மேலே தளம் போன இடத்தில் வானம் தெரிகிறது. கிளைவ் இல்லம் தப்பித்தது, அங்கே தொல்லியல் துறையே அலுவலகம் வைத்திருக்கிறது. கோட்டைக்குள் பாதுகாக்கப்பட்ட சின்னங்கள் பல தனித்தனியாகப் பட்டியலில் உண்டு. 2010-இல் திருத்திய சட்டப்படி அவற்றிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது, அதைத் தாண்டி இன்னும் 200 மீட்டர் தூரத்துக்கு அனுமதி வாங்கித்தான் செய்ய வேண்டும். இந்தச் சட்டம் இடிக்க விடாது. ஆனால் மழைக்கு முன்னால் மாடியில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்குவதற்கு ஒரு ஆள் வேண்டும். அது சட்டத்தால் வராது.

வெல்லெஸ்லி இல்லத்தைப் பார்த்தபோது எனக்கு என் பாரக் ஞாபகம் வந்துவிட்டது. மேஸ்திரிக்கும்தான். இரண்டு பேரும் சேர்ந்து இடித்தது.

1990-களில் நடந்தது. ஒரு கன்டோன்மென்ட், ஊர் பெயர் வேண்டாம். நூறு வருஷத்துக்கு மேல் வயதான பாரக், நீள வராந்தா, இரட்டைச் சுவர் கனம், மெட்ராஸ் டெரஸ் தளம். தேக்கு உத்தரங்களின் மேல் மெல்லிய செங்கல்லைக் குறுக்குவாட்டில் நிறுத்தி அடுக்கி, அதன் மேல் சுண்ணாம்பு ஜல்லி போட்டுப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாள் கணக்கில் அடித்து இறுக்கிய தளம். முன்னால் எப்போதோ, சுவர் முழுக்க யாரோ சிமென்ட் பூசியிருந்தார்கள். ஒரு மழையில் மூலைத் தளம் கொஞ்சம் இறங்கியது. ஆட்களை வேறு இடத்துக்கு மாற்றிப் பூட்டினார்கள். இரண்டு மழைக்காலம் பூட்டியே கிடந்தது. பிறகு அளவெடுக்க என்னை அனுப்பினார்கள். உத்தரம் உளுத்துவிட்டது என்று எம்.புக்கில், அதாவது அளவு எழுதும் புத்தகத்தில், எழுதியது என் கை. பழுது பார்க்கிற செலவு புதிதாகக் கட்டுவதற்குக் கிட்ட வருகிறது என்று கணக்கு போனது. கண்டம் செய்துவிட்டார்கள், அதாவது இனி உதவாது, இடித்துவிடலாம் என்று முடிவு.

அளவெடுத்த அன்றே மேஸ்திரி சொன்னார். “சார், சுவத்துக்குள்ளாற இருக்கிற நுனி மட்டும்தான் உளுத்திருக்கு. ஒரு சாண் வெட்டிட்டு, கீழ தாங்குகல் குடுத்து உட்கார வெச்சா இன்னும் நூறு வருசம் ஓடும்.” நான் அதை மேலே எடுத்துச் சொல்லவில்லை. காண்டிராக்டருக்கு இடிக்கிற வேலையும் கட்டுகிற வேலையும் கிடைக்கும் நேரம். எதற்கு என்று இருந்துவிட்டேன்.

பதினோரு நாளில் இடித்தோம். உத்தரங்களை இறக்கி வரிசையாகப் போட்டபோது மேஸ்திரி சொன்னது அப்படியே இருந்தது. சுவருக்குள் புதைந்திருந்த நுனி ஒரு சாண் கறுத்து, கையால் பிட்டால் வந்தது. மீதி பதினாலடியும் இரும்பு மாதிரி. ஏலம் எடுத்தவர் அங்கேயே ரம்பம் போட்டார். நூறு வருஷத்து மரத்திலிருந்து புதுத் தேக்கின் எண்ணெய் வாசனை வந்தது. வேலையாட்கள் எல்லோரும் ஒரு நிமிஷம் நின்றுவிட்டார்கள். அந்த வாசனை எனக்கு இன்னும் மறக்கவில்லை. இந்தக் குற்ற உணர்ச்சியை இறக்கி வைக்கவும்தான் இத்தனை நீளமாக எழுதுகிறேன்.

முகாம்களில் எஸ்டிமேட் போடுகிற பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். பழைய தளத்தைக் கண்டம் என்று எழுதுவதற்கு முன்னால் உத்தரத்தின் நுனியை மட்டும் பார்க்காதீர்கள். நடுவில் ஒரு ஆணி அடித்துப் பாருங்கள். இறங்கவில்லை என்றால் மரம் உயிரோடு இருக்கிறது. சுவரில் சிமென்ட் பூச்சு இருந்தால் முதலில் அதைக் கொத்தி எடுக்கச் சொல்லுங்கள், ஒரு கோடை காயவிட்டு மறுபடி பாருங்கள். எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது, எனக்கும் தெரியும். அவசரத்துக்குப் போட்ட ஷெட்டுகள், ஆஸ்பெஸ்டாஸ் கூரைகள் எத்தனையோ இடித்தோம், அதில் எனக்கு வருத்தமே இல்லை. வீரர்களின் குடும்பங்களுக்கு நல்ல கழிவறையும் காற்றோட்டமும் உள்ள வீடு வேண்டும். ஆனால் நூறு வருஷம் நின்ற சுவருக்கு ஒரு கோடைக்காலம் அவகாசம் கொடுக்கலாம்.

சரி, போகலாமா என்றால், கண்டிப்பாகப் போங்கள். அருங்காட்சியகமும் தேவாலயமும் நிதானமாகப் பார்க்க மூன்று மணி நேரம். வெயிலுக்கு முன்னால் போய்விடுங்கள், தண்ணீர் கையில் இருக்கட்டும். மாடிப்படி ஏற வேண்டியிருக்கும், மூட்டுவலிக்காரர்கள் கீழ்த்தளத்தையும் தேவாலயத்தையும் பார்த்தாலே போதும். சட்டமன்றத்துக்கு முன்னால் உள்ள கருங்கல் தூண்கள் பல்லாவரத்துக் கல். 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் அவற்றைப் புதுச்சேரிக்குக் கொண்டுபோய், பின்னால் திரும்பி வந்தவை. வெளியிலிருந்து தெரிந்தால் ஒரு பார்வை பாருங்கள். முடிந்தால் வயதான கொத்தனார், தச்சர், கல் வேலைக்காரர் யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். அவர்கள் கை வைக்கிற இடத்தில் நீங்களும் கை வையுங்கள்.

திரும்பும்போது பாரிமுனை வரை நடந்தோம். டேர் ஹவுஸ் பக்கத்தில் ஒரு கல் தூண் நிற்கிறது, தினமும் ஆயிரம் பேர் தாண்டிப் போகிறார்கள். 1773 ஜனவரி 1 என்று தேதி வெட்டியிருக்கும். கோட்டைக்கும் இதற்கும் நடுவில் யாரும் வீடு கட்டக் கூடாது என்று நட்ட ஆறு எல்லைக் கற்களில் மிஞ்சியது இது ஒன்றுதான். எதற்காக இந்தக் கல் என்று மேஸ்திரி கேட்டார். சொன்னேன். அவர் அதைச் சுற்றி வந்து, நிமிர்ந்து நிற்கிறதா என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தூக்குக்குண்டு பிடிப்பது போல் விரலை நீட்டிப் பார்த்தார். நேராகத்தான் இருக்கிறது என்று தலையை ஆட்டினார். பிறகு இரண்டு பேரும் பர்மா பஜார் பக்கம் போய் அத்தோ சாப்பிட்டோம். அடுத்த மாதம் அவர் பேரன் ஊரிலிருந்து வருகிறான், பாலிடெக்னிக்கில் சிவில் படிக்கிறான். அவனைக் கூட்டிக்கொண்டு மறுபடி போகிறோம்.